தங்கம் இருக்கலாம், லாபம் யாருக்கு?

கேள்வி: கனடாவின் டொரான்டோ வென்ச்சர் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறிய தங்க ஆய்வு நிறுவனத்தின் 60,000 பங்குகள் என்னிடம் இருக்கின்றன. சென்ற ஆண்டு 18 சென்ட்டுக்கு வாங்கினேன். வட ஒன்டாரியோவில் போட்ட ஒரு துளையில் 12 மீட்டருக்கு, டன்னுக்கு 9 கிராம் தங்கம் கிடைத்ததாக அறிவித்த பிறகு விலை 41 சென்ட் ஆகிவிட்டது. இன்னும் நான்கு துளைகளின் முடிவு வரவேண்டும். இப்போது ஒரு பங்கும் ஒரு வாரண்ட்டும் (பின்னால் குறித்த விலைக்கு இன்னொரு பங்கு வாங்கும் உரிமை) சேர்த்து 35 சென்ட்டுக்குப் புதிதாக வெளியிடுகிறார்கள். மகளின் மேற்படிப்புக்காக வைத்திருக்கும் 20,000 டாலரை இதில் போடலாமா என்று யோசிக்கிறேன். அந்தப் பணம் அடுத்த செப்டம்பரில் தேவைப்படும். என்னோடு சேர்ந்து வாங்கிய நண்பர்கள் எல்லோரும் இரண்டு டாலர் நிச்சயம் என்கிறார்கள். தங்கத்தின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. கணவரோ, மோசடியாக இருக்குமோ என்று பயந்து, எல்லாவற்றையும் விற்றுவிடு என்கிறார். என் நம்பிக்கை சரிதானா? நிறுவனத்தின் அறிவிப்பையும் கணக்கு அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளின் படிப்புப் பணத்தை இதில் போடாதீர்கள். நிறுவனம் மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பியவற்றைப் படித்தவரை, அவர்கள் ஒழுங்காக வேலை செய்பவர்களாகவே தெரிகிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் இந்த வெளியீட்டில் வாங்கும் பங்குகளை நான்கு மாதமும் ஒரு நாளும் விற்க முடியாது. அறிவிப்பின் கடைசிப் பத்தியிலேயே அது இருக்கிறது. அந்தத் தடை முடியும்போது விலை என்னவாக இருக்கும் என்பதை நிறுவனத்தின் தலைவராலும் சொல்ல முடியாது. கல்லூரிக் கட்டணத்துக்குத் தேதி உண்டு. துளையிடும் வேலைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. பனி உருகித் தரை சேறாகும், இயந்திரம் பழுதாகும், காட்டுத்தீ வரும், ஆய்வகத்தில் மாதிரிகள் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும். இந்த இரண்டு காலண்டர்களையும் ஒன்றாகக் கட்டக் கூடாது.

இனி, உங்கள் நம்பிக்கை சரிதானா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நிலத்தில் தங்கம் இருக்கிறதா? இருந்தால் அது சுரங்கமாகுமா? சுரங்கமானால் உங்கள் 60,000 பங்குக்கு என்ன கிடைக்கும்? முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்ததும் மற்ற இரண்டுக்கும் அதே பதில்தான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்தத் துறையில் சேமிப்பை இழந்தவர்களில் பெரும்பாலோர் பொய்யை நம்பி இழக்கவில்லை. உண்மையான ஒரு துளை முடிவை அதன் தகுதிக்கு மேல் நம்பி இழந்தார்கள். ஆய்வு நிலவியலாளனாக வேலை செய்தவன் என்பதால் அந்தத் துளையிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிவிப்பின் தலைப்பில் 12 மீட்டருக்கு 9 கிராம் என்று இருக்கிறது. அட்டவணையில் அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள்: 'இதில் 1.5 மீட்டருக்கு 65 கிராம்.' ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 12 மீட்டரை 9 ஆல் பெருக்கினால் 108. ஒன்றரை மீட்டரை 65 ஆல் பெருக்கினால் 97.5. மிச்சம் 10.5. அதை மீதமுள்ள பத்தரை மீட்டருக்குப் பிரித்துக் கொடுத்தால் டன்னுக்கு ஒரு கிராம்தான் வருகிறது. அதாவது, கிட்டத்தட்ட எல்லாத் தங்கமும் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கிறது. அக்கம் பக்கத்துப் பாறையும் சேர்ந்து சராசரி போடப்பட்டிருக்கிறது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை, அவர்கள் இரண்டு வரியையும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் தரைமட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தில்தான் டன்னுக்கு ஒரு கிராம் என்பது காசாகும். உங்கள் துளை தங்கத்தைத் தொட்டது 180 மீட்டர் ஆழத்தில். அந்த ஆழத்தில் ஒரு கிராம் பாறையை நிலத்தடியில் போய்த் தோண்டினால் செலவுக்குக் கட்டாது. ஆகவே நீங்கள் நம்புவது 12 மீட்டரை அல்ல, ஒன்றரை மீட்டரை.

அந்த ஒன்றரை மீட்டரும் முழுதாக ஒன்றரை மீட்டராக இருக்க வேண்டியதில்லை. 'உண்மையான தடிமன் இன்னும் தெரியவில்லை' என்று அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. நிலத்தடிப் பாறைக்குள் பட்டையாகச் சாய்ந்து ஓடும், தங்கம் தாங்கிய குவார்ட்ஸ் நரம்பைத் துளை நேர்குறுக்கே வெட்டினால்தான் அளந்த நீளமும் தடிமனும் ஒன்றாக இருக்கும். சாய்வாக, 30 டிகிரி கோணத்தில் வெட்டியிருந்தால் தடிமன் சரிபாதி, அதாவது 75 சென்டிமீட்டர். இயந்திரம் நுழைந்து வேலை செய்ய அதைவிட அகலம் வேண்டும். அந்த அகலத்துக்காகத் தங்கமில்லாத பாறையையும் சேர்த்தே வெட்ட வேண்டியிருக்கும். 65 என்ற எண் ஆலைக்குப் போய்ச் சேரும்போது பாதியாகிவிடும். அப்போதும் அது நல்ல எண்தான், அதை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு: அந்த நரம்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

தங்கம் பாறைக்குள் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இங்கே செல்லாது. துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை நொறுக்கிப் பொடியாக்கி, அந்தப் பொடியில் வழக்கமாக 30 கிராமோ 50 கிராமோ எடுத்து உருக்கித்தான் தங்கத்தின் அளவைக் காண்கிறார்கள். அந்தச் சின்ன அளவுக்குள் ஒரு தங்கத் துகள் கூடுதலாக விழுந்தால் எண் எகிறும், விழாவிட்டால் படுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தங்கம் உள்ள மாதிரி என்றால், ஒரு கிலோ அளவுக்குப் பொடியைச் சலித்து, பெரிய துகள்களைத் தனியே சோதிக்கும் முறை இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதைச் செய்ததா என்று அறிவிப்பில் இல்லை. முதலீட்டாளர் தொடர்புக்கான மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல நிறுவனங்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்லும்.

இந்தச் சீரின்மை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் புரூஸ்ஜாக் சாட்சி. பிரீட்டியம் என்ற நிறுவனம் அங்கே நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு முடித்திருந்தது. 2013 இல் சுமார் 10,000 டன் பாறையை வெட்டி எடுத்துச் சோதிக்க ஏற்பாடு நடந்தது. மேற்பார்வைக்கு வந்த ஸ்ட்ராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனம், சொல்லப்படும் அளவு தங்கம் அங்கே இல்லை என்று கூறிப் பாதியில் விலகிவிட்டது. பங்கு சரிந்தது. பிறகு அந்தப் பாறையை அரைத்து முடித்தபோது எதிர்பார்த்த 4,000 அவுன்ஸைத் தாண்டி 5,800 அவுன்ஸுக்கு மேல் கிடைத்தது. 2017 இல் சுரங்கம் திறந்தது. அதற்கும் பிறகு, 2020 இல் இருப்பின் அளவைக் குறைத்து அறிவிக்கவும் நேர்ந்தது. அத்தனை துளைகளுக்குப் பிறகும் தேர்ந்த நிபுணர்கள் எதிரெதிர் முடிவுக்கு வர முடிகிறது. நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரே ஒரு துளையைப் பற்றி.

அந்த ஒரு துளைக்கு நியாயமான அளவு நம்பிக்கை எவ்வளவு? உங்கள் நண்பர்களின் பக்கமே சாய்ந்து கணக்கிடுவோம். 12 மீட்டரின் உண்மைத் தடிமன் 6 மீட்டர் என்றும், அது முழுக்க 9 கிராம் என்றும், 200 மீட்டர் நீளத்துக்கும் 150 மீட்டர் ஆழத்துக்கும் மாறாமல் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 2.7 டன் எடை போட்டால் 4,86,000 டன் பாறை. ஒரு அவுன்ஸ் 31.1 கிராம் என்பதால் ஏறத்தாழ 1,40,000 அவுன்ஸ். இப்படி எல்லாமே நமக்குச் சாதகமாக அமைந்தாலும் இதைவைத்துத் தனியாக ஒரு சுரங்கம் கட்டுவது கடினம். பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கவே இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

இந்த 1,40,000 ஐ மனத்தில் வைத்துக்கொண்டு 'இரண்டு டாலர் நிச்சயம்' என்ற பேச்சுக்கு வாருங்கள். கணக்கு அறிக்கைப்படி இன்று வெளியிலிருக்கும் பங்குகள் 9 கோடி. புதிய வெளியீட்டில் 2 கோடி. அதனுடன் வரும் 50 சென்ட் வாரண்ட்டுகள் 2 கோடி. முந்தைய வெளியீட்டில் கொடுத்த 25 சென்ட் வாரண்ட்டுகள் 1.2 கோடி. இயக்குநர்கள், ஊழியர்கள் கையில் உள்ள, குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைகள் 80 லட்சம். ஆக மொத்தம் 15 கோடி. பங்கு இரண்டு டாலரைத் தொடும்போது இந்த வாரண்ட்டுகளும் உரிமைகளும் பங்காக மாறியே தீரும், மாற்றாமல் விட யாருக்கும் பைத்தியமில்லை. எனவே இரண்டு டாலர் என்பது 30 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம். இன்னும் தோண்டாத தங்கத்துக்கு அவுன்ஸுக்கு நூறு டாலர் என்று ஒரு கணக்குக்காக வைத்தால், அதற்கு 30 லட்சம் அவுன்ஸ் வேண்டும். நம் கையில் இருப்பது, எல்லா அனுமானங்களும் பலித்தால், அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. நண்பர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மீதி அவுன்ஸ்கள் எந்தத் துளையிலிருந்து வரும்?

இந்த 9 கோடி எப்படி 15 கோடி ஆகிறது என்பதில்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. ஆய்வு நிறுவனத்துக்கு விற்பனை கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது. அதற்கு வருமானம் என்றால் புதுப் பங்கு விற்ற பணம்தான். துளைக்கும், ஹெலிகாப்டருக்கும், அலுவலகத்துக்கும், சம்பளத்துக்கும் அதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். ஆகவே விலை ஏறும்போதெல்லாம் அவர்கள் பங்கு வெளியிடுவார்கள். வெளியிட வேண்டும், வேறு வழி இல்லை. நல்ல முடிவு வந்த சில வாரங்களில் வெளியீடு வந்ததைத் தந்திரம் என்று நினைக்காதீர்கள், பொறுப்பான நிர்வாகம் அப்போதுதான் பணம் திரட்டும். ஆனால் அதன் விளைவைப் புரிந்துகொள்ளுங்கள். முதலீட்டாளர்களின் நம்பிக்கை விலையை ஏற்றுகிறது, ஏறிய விலையில் புதுப் பங்குகள் பிறக்கின்றன, பழையவரின் பங்கு சுருங்குகிறது. உங்கள் 60,000 பங்கு இன்று நிறுவனத்தில் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. எல்லா வாரண்ட்டும் மாறினால் ஆயிரத்தில் அரைப் பங்குக்கும் குறைவாகிவிடும். இது முதல் துளை முடிவுக்கான வெளியீடு. நிலத்தடி இருப்பை மதிப்பிடும் கட்டத்துக்குப் போகவே இன்னும் மூன்று நான்கு முறை இப்படிப் பணம் திரட்ட வேண்டிவரும்.

புதிய வெளியீட்டில் வாரண்ட் சேர்த்துத் தருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய முதலீட்டாளர்கள் சிலர் 35 சென்ட்டுக்கு வாங்கி, தடைக்காலம் முடிந்த அன்றே பங்கை விற்றுப் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு, வாரண்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்வார்கள். அது சட்டபூர்வமானது, வழக்கமானது. ஆகவே அந்த நாளுக்கு அக்கம் பக்கத்தில் விலைக்கு அழுத்தம் வரும். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

இவ்வளவு சொல்வதால் நம்பிக்கையே தவறு என்று நான் கருதுவதாக நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கை இல்லாமல் எந்தச் சுரங்கமும் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. 1981 இல் ஒன்டாரியோவின் ஹெம்லோவில் கொரோனா நிறுவனத்துக்கு எழுபத்தாறாவது துளையில்தான் பெரிய தங்கப் படிவம் கிடைத்தது. நிலவியலாளர் டேவிட் பெல்லும், பணம் திரட்டிக் கொடுத்த மரே பெசிமும் அதுவரை சோராமல் இருந்தார்கள். இந்தக் கதையை எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்றுவரை, சரியாகப் போகாத ஒவ்வொரு நிறுவனத்தின் பங்குதாரருக்கும் இதே கதைதான் ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. எழுபத்தாறு துளை போட்டு ஒன்றும் கிடைக்காமல் மூடிப்போன நிறுவனங்களின் பெயர் யார் நினைவிலும் இல்லை. நிலவியலாளருக்கு அடுத்த துளைமேல் நம்பிக்கை இருக்க வேண்டும், அது அவருடைய வேலை, அவருக்குச் சம்பளமும் உண்டு. அடுத்த துளைக்குப் பணம் கொடுக்கும் உங்களுக்கு அந்த நம்பிக்கையை விலைக்கு எதிராக எடைபோடும் கடமை இருக்கிறது.

ஒன்றரை மீட்டர் நரம்பு நிஜமாகவே பெரிய கண்டுபிடிப்பாக மாறினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். ஒன்டாரியோவின் ரெட் லேக் பகுதியில் கிரேட் பேர் என்ற சிறு நிறுவனம் 2018 முதல் தொடர்ந்து நல்ல துளைகளை அறிவித்தது. 2021 டிசம்பரில் கின்ராஸ் என்ற பெரிய சுரங்க நிறுவனம் அதைச் சுமார் 180 கோடி கனடா டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஆரம்பத்தில் வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் பெரும் லாபம். உங்கள் நண்பர்களின் கனவு இதுதான், இது நடக்காத கனவல்ல. அதே கின்ராஸ் 2008 இல் ஈக்வடாரின் ஃப்ருடா டெல் நோர்டே படிவத்துக்காக ஆரேலியன் நிறுவனத்தையும் வாங்கியது. 2006 இல் கண்டுபிடிக்கப்பட்ட அது உண்மையிலேயே அபாரமான படிவம். ஆனால் 2008 ஏப்ரலில் அந்த நாட்டு அரசு சுரங்க வேலைகளை நிறுத்திவைத்ததும் ஆரேலியன் பங்கு நொறுங்கியது. வரிப் பேச்சுவார்த்தை சரிவராமல் 2013 இல் கின்ராஸ் கைவிட்டது. 2014 இல் லுண்டின் கோல்டு 24 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2019 இறுதியில் முதல் தங்கத்தை எடுத்தது. தங்கம் அந்தப் பதின்மூன்று வருடமும் அதே இடத்தில்தான் இருந்தது. நடுவில் வாங்கி விற்றவர்களின் கணக்குகள்தான் மாறிக்கொண்டே இருந்தன.

ரெட் லேக்கிலேயே நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. ரூபிகான் என்ற நிறுவனம், இருப்பதிலேயே உறுதி குறைந்த 'ஊகிக்கப்பட்ட' (inferred) வகையில் பெருமளவு அவுன்ஸ்களை வைத்துக்கொண்டு, கட்டினால் லாபம் வருமா என்று பார்க்கும் முழுமையான சாத்திய ஆய்வு செய்யாமலேயே சுரங்கத்தையும் ஆலையையும் கட்டியது. 2015 இல் பாறையை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நரம்புகள் நினைத்தபடி தொடர்ந்து ஓடவில்லை என்று தெரிந்தது. 2016 ஜனவரியில் புதிய மதிப்பீடு வந்தபோது பழைய அவுன்ஸ்களில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. நாளை உங்கள் நிறுவனமும் ஓர் இருப்பு மதிப்பீட்டை வெளியிட்டால் 'ஊகிக்கப்பட்டது', 'சுட்டிக்காட்டப்பட்டது' (indicated), 'அளக்கப்பட்டது' (measured) என்ற மூன்று வகைகளில் எது எவ்வளவு என்று தவறாமல் பாருங்கள். முதல் வகையை வைத்து வீடு கட்டாதீர்கள்.

மோசடியாக இருக்குமோ என்ற பயம் கணவருக்கு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனத்தை அவர் நினைத்திருக்கலாம். இந்தோனேசியாவின் புசாங்கில் ஏழு கோடி அவுன்ஸ் என்று சொல்லப்பட்ட தங்கம், 1997 மே மாதம் ஸ்ட்ராத்கோனாவின் அறிக்கை வந்ததும் ஒன்றுமில்லை என்றானது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது. அங்கே பாறைத் தண்டில் பாதியை எடுத்து வைக்காமல் முழுவதையும் நொறுக்கிவிட்டதால், பிறகு சரிபார்க்கவே வழியில்லாமல் போயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2001 இல் கனடாவில் 43-101 என்ற விதித்தொகுப்பு வந்தது. தகுதி பெற்ற ஒருவர் பெயர் போட்டுப் பொறுப்பேற்காமல் தொழில்நுட்ப விவரத்தை வெளியிட முடியாது. உங்கள் அறிவிப்பில் அந்தப் பெயர் இருக்கிறது, ஆய்வகம் சுயேச்சையானது, அளவு தெரிந்த மாதிரிகளையும் தங்கமில்லாத மாதிரிகளையும் இடையிடையே கலந்து அனுப்பியிருக்கிறார்கள். பாதித் தண்டைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். எனவே இங்கே மோசடியைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

தங்கத்தின் விலை 2025 அக்டோபரில் முதன்முறையாக அவுன்ஸுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. இது உங்கள் நிறுவனத்துக்கு உதவுவது உண்மை. பணம் திரட்டுவது எளிதாகிறது, சுமாரான பாறையும் கணக்குக்குள் வருகிறது. ஆனால் அந்த நிறுவனம் ஒரு கிராம் தங்கம்கூட விற்கவில்லை. விலையேற்றத்தின் பலன் அதற்குப் பணமாக வருவதில்லை, சந்தையின் மனநிலையாகத்தான் வருகிறது. மனநிலை திரும்பும்போது சிறு நிறுவனங்கள்தான் முதலில் அடிபடும். 2011 செப்டம்பரில் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 டிசம்பரில் 1,050 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த நான்கு வருடத்தில் துளை போடக் காசில்லாமல் எத்தனையோ சிறு நிறுவனங்கள் பெயரளவுக்கு மட்டும் உயிரோடு இருந்தன. நீங்கள் விரும்புவது தங்கத்தின் விலையேற்றத்தை என்றால், அதற்குத் தங்கத்தையே வாங்கலாம்.

இனி, என்ன செய்வது? என் யோசனையைச் சொல்கிறேன். நீங்கள் போட்ட முதலீடு 10,800 டாலர். 41 சென்ட்டில் ஏறக்குறைய 26,400 பங்குகளை விற்றால் தரகும் வரியும் போகும் முன் அது திரும்பி வந்துவிடும். அதை எடுத்துவிடுங்கள். இந்த மாதிரிப் பங்குகளில் தினசரி வியாபாரம் குறைவு. 'கிடைத்த விலைக்கு விற்க' என்று உத்தரவு கொடுத்தால் உங்கள் பங்குகளே விலையை இறக்கிவிடும். விலையைக் குறிப்பிட்டு, சில நாட்களாகப் பிரித்து விற்கச் சொல்லுங்கள். மீதி 33,600 பங்குகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'முதல் வந்துவிட்டது, மீதியெல்லாம் இலவசம்' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அவை இன்றைய விலைக்கு 13,700 டாலருக்கு மேல் பெறும், முழுக்க உங்கள் பணம். அந்தத் தொகை மொத்தமாகப் போனாலும் வீட்டில் எதுவும் மாறாது என்றால் மட்டும் வையுங்கள். மாறும் என்றால் கணவர் சொல்வதுதான் சரி, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். அவர் சொல்வதைப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். இந்த வீட்டில் விலையைப் பார்க்காமல் தேவையைப் பார்த்துப் பேசியவர் அவர்தான். அந்த முடிவை இருவரும் சேர்ந்தே எடுங்கள்.

வைத்திருப்பதாக முடிவு செய்தால், நான்கு துளைகளின் முடிவு வருவதற்கு முன்பே, எது நடந்தால் விற்பேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு எழுத முடியாது, அப்போது மனம் எந்த எண்ணுக்கும் ஒரு நல்ல விளக்கம் கண்டுபிடித்துவிடும். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன். முதல் துளையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போட்ட துளைகளில் இரண்டிலாவது அதே நரம்பு தெரிய வேண்டும், கிரேடு, அதாவது டன்னுக்குக் கிடைக்கும் தங்கத்தின் அளவு, குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நான்கில் மூன்று வெறுமையாக இருந்தால் அன்றே விற்க வேண்டும். முடிவுகளை வரிசையாக வெளியிடாமல் நல்ல துளையை மட்டும் முன்னால் போட்டுவிட்டு மற்றவற்றைப் பற்றி மௌனமாக இருந்தால், அதையும் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கணக்கு அறிக்கையில் சென்ற ஆண்டு நிர்வாகச் செலவு துளையிடும் செலவைவிட அதிகமாக இருந்ததைக் கவனித்தேன். சிறிய நிறுவனங்களில் ஓராண்டு அப்படி ஆவதுண்டு. இந்த வெளியீட்டில் வரும் 70 லட்சம் டாலருக்குப் பிறகும் அதே நிலை என்றால் நீங்கள் தங்கத்தைத் தேடும் நிறுவனத்தில் இருக்கிறீர்களா, அலுவலகம் நடத்தும் நிறுவனத்தில் இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டிவரும். காலாண்டு அறிக்கைகள் சேடார் பிளஸ் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இயக்குநர்கள் பங்கு வாங்குகிறார்களா, விற்கிறார்களா என்பது சேடி தளத்தில் இருக்கும். அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த உரிமைகளைச் சேர்க்காமல், சொந்தப் பணம் போட்டுச் சந்தையில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

வரி விஷயத்தில் நான் சொல்வதற்கில்லை, உங்கள் கணக்காளரிடம் விற்கும் முன் பேசிவிடுங்கள். துளை முடிவுகள் வந்ததும், தலைப்பை மட்டும் அனுப்பாமல் அட்டவணையையும் துளைகளின் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்து எழுதுகிறேன்.